எலி ஆய்விலும் செல் ஆய்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்த் துறையில் பெயர்பெற்ற 53 ஆய்வுகளை ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தார் மீண்டும் செய்து சரிபார்த்தபோது, 6 மட்டுமே அதே முடிவைத் தந்தன. நேச்சர் இதழில் 2012-இல் வந்த தகவல் இது. கேட்டதும் மோசடியோ என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. எலியைப் பிடித்துக் கூண்டில் விடுவது, எண்ணுவது, செல்லை வளர்ப்பது என்று அன்றாட வேலைகளில் நேரும் பிசகுகளே போதும், ஒரு முடிவைக் கெடுக்க. வடசென்னையில் ராயபுரம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலோ மாதவரம் பால்பண்ணையிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்திலோ தீசிஸ் தொடங்குபவர்கள் பார்ம் பி (விலங்கு ஆய்வுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பம்) எழுதும் முன்பே இவற்றை யோசித்துவிட வேண்டும். எலிகள் வந்த பிறகு திருத்த வழியில்லை.

அதிகம் நடப்பதும், அதிகம் கெடுப்பதும் மாதிரி எண்ணிக்கையைத் தவறாக எண்ணுவதுதான். மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கலந்து கொடுக்கிறீர்கள். ஒரு பிரிவுக்கு 4 கூண்டு, கூண்டுக்கு 5 சுண்டெலி. பிரிவுக்கு 20 என்று எழுதினால் தவறு. ஒரே பாட்டிலைக் குடித்து, ஒன்றாகவே வளர்ந்தவை தனித்தனிச் சான்றுகள் ஆகா. மருந்து எந்த அளவில் பிரித்துக் கொடுக்கப்படுகிறதோ அதுதான் அலகு. இங்கே அது கூண்டு, எண்ணிக்கை 4. கர்ப்பிணி எலிக்கு மருந்து கொடுத்துக் குட்டிகளை அளந்தால் தாய்களை எண்ண வேண்டும், குட்டிகளை அல்ல. ஒரே பிளாஸ்கிலிருந்து (செல் வளர்க்கும் குடுவை) பிளேட்டின் மூன்று குழிகளில் செல் போட்டு அளப்பதும் இதே கதைதான்: பிப்பெட் கை சீராக இருந்ததா என்று தெரியும், அவ்வளவே. வேறு வேறு நாளில், உறைய வைத்த செல் குப்பியைத் தனித்தனியாக உருக்கித் தொடங்கினால்தான் மூன்று பரிசோதனை. கிராஃப் அடிக்குறிப்பில் எதை எண்ணினீர்கள் என்று எழுதுங்கள்.

பிரிவுக்கு 6 எலி என்பது வழக்கமாகிப் போனது. இரு பிரிவுகளின் சராசரி வித்தியாசம், திட்ட விலக்கத்தைப் (ஒரு பிரிவுக்குள் எலிக்கு எலி உள்ள மாறுபாட்டின் அளவு) போல சுமார் 1.8 மடங்கு இருந்தால்தான் 6 போதும் (80 சதவீதத் திறன், அதாவது உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு; 0.05 வரம்பு, அதாவது இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம்). ஒரு மடங்கு என்றால் 17 தேவை, அரை மடங்கு என்றால் 64. கணக்கைக் காட்டினால் நெறிமுறைக் குழுவிடம் கூடுதல் எலி கேட்பதில் தயக்கம் வேண்டாம். எண்ணிக்கை போதாமல் எதுவும் நிரூபிக்காத ஆய்வில் 12 எலி சாவதுதான் உண்மையான கொடுமை. பாதியில் பார்த்து, வித்தியாசம் தெரியாவிட்டால் இன்னும் நாலு எலி சேர்ப்பதும் கூடாது. சம இடைவெளியில் ஐந்து முறை எட்டிப் பார்த்து, வித்தியாசம் கிடைத்தவுடன் நிறுத்தினால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவு வாய்ப்பு சுமார் 14 சதவீதம் ஆகிவிடும்.

கைக்கு வந்த எலியை முதல் பிரிவில் போடாதீர்கள். சோர்ந்தவையும் மெதுவானவையும்தான் முதலில் பிடிபடும். எல்லாவற்றுக்கும் காதில் எண் போட்டு, எடை பார்த்து, எடை வரிசையில் இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் எக்செல் ரேண்டம் எண்ணால் பிரிவை முடிவு செய்யுங்கள். ரேக்கின் மேல்தட்டில் வெளிச்சம் அதிகம். ஒரு பிரிவு முழுவதையும் மேலே வைத்தால் மருந்தின் விளைவும் விளக்கின் விளைவும் கலந்துவிடும். மருந்தையும் வெறும் கரைசலையும் வேறொருவர் அ, ஆ என்று ஒட்டிக் கொடுக்கட்டும். எது மருந்து என்ற குறிப்பு அவரிடமே இருக்கட்டும். ஸ்லைடு பார்ப்பவருக்கும் இதே விதி.

வடசென்னைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஆடி மாதம் அம்மன் கோவில் ஒலிபெருக்கி, தீபாவளி வெடி, இரவெல்லாம் போகும் கன்டெய்னர் லாரி. நடத்தைச் சோதனைகளுக்கு அந்த நாட்களைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், இரு பிரிவுகளையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சோதியுங்கள்; சத்தம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். மருந்து தராத கன்ட்ரோல் பிரிவைப் போன மாதம் முடித்து, மருந்துப் பிரிவை இந்த மாதம் செய்வதுதான் ஆபத்து. மே மாத மின்வெட்டில் ஏசி எத்தனை நேரம் நின்றது என்பதை அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி சொல்லும், தினமும் குறியுங்கள். இரவில் காவலர் லைட் போட்டால் 12 மணி நேர இருட்டு கெடும், அறைக்கதவில் அறிவிப்பு ஒட்டுங்கள்.

செல் பக்கம் இரண்டே விஷயம். செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவுக்குச் செல்சுவர் இல்லை, பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரான் பில்டரையும் தாண்டும், மீடியம் (செல் வளரும் திரவம்) கலங்காது. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இரண்டு வாரம் வளர்த்து, பழைய மீடியத்தை எடுத்து பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்யுங்கள். புதிதாக வந்த செல்லை முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள். அடுத்தது அடையாளம்: மார்பகப் புற்றுச் செல் என்று பல ஆண்டுகள் பயன்பட்ட எம்டிஏ-எம்பி-435 உண்மையில் எம்14 என்ற மெலனோமா (தோல் புற்று) செல். பக்கத்து லேபில் வாங்கியதை எஸ்டிஆர் சோதனைக்கு (செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்ப்பது) அனுப்பாமல் ஆய்வில் சேர்க்காதீர்கள்.

எலி இனத்தின் பெயரை முழுதாக எழுதுங்கள். சி57பிஎல்/6ஜே என்ற சுண்டெலி இனத்தில் இன்சுலின் சுரப்போடு தொடர்புள்ள என்என்டி மரபணு சிதைந்திருக்கிறது, அதன் நெருங்கிய இனமான 6என்-இல் சிதையவில்லை. சர்க்கரை நோய் ஆய்வில் இந்த ஓரெழுத்து முடிவையே மாற்றும். எந்த எலியை எந்தக் காரணத்துக்காக நீக்குவீர்கள் என்பதை (எடை 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் என்பது போல) முதல் ஊசிக்கு முன்பே நோட்டில் தேதியிட்டு எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். நீக்கியவற்றின் எண்ணும் காரணமும் தீசிஸிலும் வர வேண்டும்.