சொந்தமாக ஒரு புத்தகம் போட்டு அதையே கண்காட்சியாகவும் வைப்பது எப்படி

டப்ளின் நகரத்தில் தி லைப்ரரி ப்ராஜெக்ட் என்று ஒரு கலைப் புத்தகக் கடை இருக்கிறது, ஃபோட்டோஅயர்லாந்து என்ற புகைப்பட அமைப்பு நடத்துவது. தனியாட்களும் சிறு பதிப்பகங்களும் போடுகிற புத்தகங்கள் அங்கே விற்பனைக்கு இருக்கும், கூடவே கண்காட்சியும் நடக்கும். புத்தகமும் சுவரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம், அதைத் திருகோணமலையில் செய்ய ஒரு போட்டோக்கொப்பிக் கடையும் ஒரு விறாந்தையும் போதும்.

விஷயத்தை முதலில் சுருக்குங்கள். ஊர் முழுவதையும் படம் எடுக்கப் போனால் கோணேசர் கோயிலும் பிரெட்ரிக் கோட்டை மான்களும்தான் வரும், அவை எல்லோரிடமும் இருக்கின்றன. உங்கள் ஒழுங்கையின் படலைகள் மட்டும், அல்லது மீன் சந்தையில் ஒரே ஒரு விடியற்காலை, அவ்வளவு போதும்.

எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 32 பக்கம். வெளித்தாளின் ஒரு முகத்தில் 32உம் 1உம், மறுமுகத்தில் 2உம் 31உம் வரும், எந்த முகத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 33 வரவேண்டும், வராவிட்டால் எங்கேயோ பிழை. வெற்றுத்தாளில் பென்சிலால் இலக்கமிட்டு ஒரு மாதிரி செய்து கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் அடிக்கும்போது தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக விழும்.

ஸ்டேப்ளர் வேண்டாம். நம்முடைய உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து மடிப்பில் பழுப்புக் கறை இறங்கிவிடும். தைத்துவிடுங்கள்: மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலிருந்தும் கீழிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை. மெழுகுதிரியில் இழுத்த பருத்தி நூலை உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, மேல்துளையால் உள்ளே விட்டு, அப்படியே கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுத்து, திரும்ப நடுத்துளையால் உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு நுனியும் அந்த நீள நூலுக்கு இரு பக்கமும் இருக்க வேண்டும், அதன்மேல் இறுக்கி முடிச்சுப் போட்டால் சரி. நடுத்தாள்கள் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், இரும்பு அடிமட்டம் வைத்துக் கூரான கத்தியால் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

கண்காட்சியை நவம்பர், டிசம்பரில் வைக்காதீர்கள், வடகீழ்ப் பருவமழையில் தாள் நெளிந்துவிடும். புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் சுவரில் ஒட்டவும் வேண்டாம்: ஏழெட்டுப் படத்தைப் பெரிதாக அடித்து, படத்தின் நடு கண்மட்டத்துக்கு வரும்படி மாட்டினால் மீதியைப் பார்க்க ஆட்கள் தாமாகவே புத்தகத்தை எடுப்பார்கள். ஒரு பிரதியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், அது அழுக்காகட்டும், புத்தகம் கைபடத்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஊர், ஆண்டு, எத்தனை பிரதி என்பதைக் கட்டாயம் போடுங்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள இலக்கத்தைக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. மின்பிரதி ஒன்றை ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையத்தளத்துக்கும் கொடுங்கள், ஈழத்து எழுத்துகளை 2005 முதல் சேர்த்துவருகிறார்கள்.

டப்ளின் மாதிரிக் கடைகளுக்கு எழுதும்போது நாலைந்து பக்கப் படம், அளவு, பக்க எண்ணிக்கை, யூரோ விலை, இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். விற்ற பிறகு பணமா, கடையின் பங்கு எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள தாளில் எட்டு ஏ4 தாள் 40 கிராம், மட்டையோடு 50 வரும், ஐந்து பிரதிக்கு கால் கிலோ. அந்த எடைக்கு அயர்லாந்துக் கட்டணம் என்னவென்று தபாற்கந்தோரில் விசாரித்துவிட்டே விலையை அச்சிடுங்கள்.