தறிக்கூடத்துக் கணினித் திரை சொல்லும் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

சேலத்துத் தறிக்கூடம் போன்ற பழைய தொழிலிடத்தில் உணரிகள் (சென்சார்கள்) பொருத்தப்பட்டால், தறி ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் கணினி எண்ணி, நெசவாளருக்குத் திறன் விழுக்காடு ஒன்றை வழங்குகிறது. தறி நின்றதை உணரி அறியும். நூல் தரமின்றி அறுந்ததா, மின்சாரம் போனதா, அடுத்த பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) வரத் தாமதமானதா என்பதை எவரேனும் பதிந்தாலொழிய அது அறியாது.

ஆகவே, தறி எண், நின்ற நேரம், மீண்டும் ஓடிய நேரம், காரணம் ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் அப்போதைக்கப்போதே எழுதுங்கள். ஷிப்ட் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதுவதற்கு அந்த வலு இராது. ஒரே நேரத்தில் இரண்டு தறிகள் நின்றால் ஒன்று காத்திருந்தே தீர வேண்டும் என்பதால், எத்தனை தறிகளைப் பார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அந்தக் காத்திருப்பைச் சோம்பலாகக் கணக்கிடுவது அநீதி.

திரையின் கணக்கு மாறுபட்டால், மேஸ்திரியிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் பிடிக்க முனைந்தால், 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, விளக்கமளிக்க வாய்ப்புத் தராமல் அதை விதிக்கலாகாது என்பதையும், அந்த ஊதியக் காலத்துக்குரிய ஊதியத்தில் 3 விழுக்காட்டை அது தாண்டலாகாது என்பதையும் சுட்டிக்காட்டுங்கள்.