ஃப்ரூட் சாலட் நீர்த்துப்போகாமல் இருக்க

விடுமுறை நாளில் தாமதமாக எழுந்து, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிடும்போது ஃப்ரூட் சாலட் ரொம்ப வசதி. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். ஆனால் பத்து மணிக்குக் கலந்து வைத்ததைப் பதினொன்றரைக்கு எடுத்தால் அடியில் சாறு தேங்கி, ஆப்பிள் கறுத்து, வாழைப்பழம் குழைந்துபோயிருக்கும். பெரும்பாலும் எதை எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் கோளாறு.

சர்க்கரையை முதலிலேயே தூவுவதுதான் பெரிய தவறு. சர்க்கரையோ உப்போ பட்டதுமே பழத்துண்டு தன்னுள் இருக்கும் நீரை வெளியே விடத் தொடங்கும். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், கேட்கவே வேண்டாம். நன்றாகப் பழுத்த பப்பாளியும் மாதுளையும் இருந்தால் சர்க்கரையே தேவையில்லை. இனிப்புப் போதாதென்றால் இரண்டு பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். சாட் மசாலா பிடித்தவர்கள் தட்டில் வைத்தபிறகு தூவிக்கொள்ளலாம். கண்டென்ஸ்டு மில்க் வேண்டாம். அதை ஊற்றினால் பழத்தின் ருசியே அமுங்கிவிடும்.

தயிர் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் வேகவைக்காத அன்னாசியோடு கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி பால் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. தயிர் கெட்டுவிட்டதென்று நினைத்து மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள். கிவியும் இதே வேலையைச் செய்யும். அன்னாசியைச் சில நிமிடம் வேகவைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும். அதற்கு நேரமில்லையா, தயிரைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, சாப்பிடும்போது ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஆப்பிளை நறுக்கியதுமே எலுமிச்சைச் சாறு பிழிந்து புரட்டினால் சீக்கிரம் கறுக்காது. வாழைப்பழம் கடைசியில்தான். ஆப்பிள், கொய்யா இரண்டையும் தோல் சீவாமல் போடுங்கள், நார்ச்சத்து வீணாகாது.

அப்புறம், தோலைத்தான் எடுக்கப்போகிறோமே என்று முலாம்பழத்தையும் தர்பூசணியையும் கழுவாமல் வெட்டக் கூடாது. தோலில் இருக்கும் கிருமிகளைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்விடும். முழுப்பழமாகக் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். மீனும் கறியும் நறுக்கும் பலகை இதற்கு வேண்டவே வேண்டாம்.

நறுக்கிய பழம் வெளியில் 2 மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மிஞ்சும் என்று தெரிந்தால் தயிரும் உப்பும் சேராத பங்கை முன்பே எடுத்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.