கனடியக் கடவுச்சீட்டுடன் அமெரிக்க எல்லையில் டி.என். வேலை அனுமதி

கனடியக் குடியுரிமை பெற்றபின் அமெரிக்க நிறுவனமொன்றில் வேலை கிடைத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தூதரகத்தில் நேர்முகம் எப்போது என்பதையே. பட்டியலிட்ட சில தொழில்களில் அமெரிக்காவில் தற்காலிகமாக வேலை செய்ய அனுமதிக்கும் டி.என். தகுதிநிலைக்கு அது தேவையில்லை. 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் உருவாகி, 2020 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய உடன்படிக்கையிலும் தொடரும் இந்தத் தகுதிநிலையை, கனடியக் குடிமக்கள் எல்லைக்கு நேரே சென்று, அங்கே கடமையிலுள்ள அதிகாரியிடம் விண்ணப்பித்து, பெரும்பாலும் அன்றைக்கே பெற்றுக்கொள்ளலாம். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை.

உடன்படிக்கையின் பின்னிணைப்பில் அறுபதுக்கு மேற்பட்ட தொழில்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கு வேண்டிய தகுதியும் உள்ளது. பொறியியலாளருக்குப் பட்டமோ தொழில் உரிமமோ வேண்டும். கணினி அமைப்பு ஆய்வாளருக்குப் பட்டம், அல்லது டிப்ளோமாவுடன் 3 ஆண்டு அனுபவம் போதும். முகாமைத்துவ ஆலோசகர் பட்டம் இல்லாமலே 5 ஆண்டு அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்றாலும், அதிகாரிகள் மிகவும் துருவிக் கேட்கும் பிரிவும் அதுதான். மருத்துவர்கள் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே இதில் போகலாம். தாதியருக்கு, அவர்களின் கல்வியையும் உரிமத்தையும் சரிபார்த்து வழங்கும் விசாஸ்கிரீன் சான்றிதழும் தேவை. கணினித் துறையில் இருக்கும் நம்மவர்கள் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில்: புரோகிராமர், டெவலப்பர் என்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

நானும் அங்கேதான் விழுந்தேன். நிறுவனம் தந்த கடிதத்தில் என் பதவி ‘சீனியர் டெவலப்பர்’ என்று இருந்தது. அதிகாரி பேனாவின் மூடியை அந்த வரியின் கீழ் வைத்துக்கொண்டு, மறு கையால் தம்மிடமிருந்த பட்டியலைப் புரட்டி, “இது இதில் எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். என் பத்தாண்டு அனுபவத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்த முறை கொண்டுபோன கடிதம், நான் உண்மையிலேயே செய்யவிருந்த தேவை ஆய்வு, அமைப்பு வடிவமைப்பு ஆகிய வேலைகளைப் பட்டியலின் சொற்களிலேயே விளக்கியது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. செய்யாத வேலையைச் செய்வதாக எழுதுவது இதில் சேராது. பொய்யான விபரம் பிடிபட்டால் நிரந்தர நுழைவுத் தடை வரை போகும்.

ஆகவே எல்லையில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பதைவிட, கடிதத்துக்கு நேரம் செலவிடுங்கள். எந்தத் தொழிற்பிரிவு, என்ன கடமைகள், எவ்வளவு காலம், எவ்வளவு சம்பளம், உங்கள் கல்வி அந்தப் பிரிவுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரே தடவையில் 3 ஆண்டுகள் வரை கொடுப்பார்கள். எத்தனை தடவை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. சுயதொழிலுக்கு இடமில்லை.

பட்டம் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ சென்னையிலோ பெற்றதாக இருந்தால், அது எந்த வட அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் மதிப்பீட்டு அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பட்டச் சான்றிதழில் தகப்பனார் பெயர் ஒற்றை எழுத்தாகவும், கடவுச்சீட்டில் அதுவே முழுக் குடும்பப் பெயராகவும் இருப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. மேசைக்கு அப்பால் இருப்பவருக்கோ அவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்தும் சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது.

ரொறன்ரோ பியர்சன் போன்ற விமான நிலையங்களில், விமானம் ஏறும் முன்பே அமெரிக்க அதிகாரிகள் கனடிய மண்ணில் வைத்து விசாரிப்பார்கள். அங்கும் விண்ணப்பிக்கலாம், இழுபட்டால் விமானம் போய்விடும். முதல் தடவை என்றால் ஃபோர்ட் ஈரியிலிருந்து பஃபலோ செல்லும் பீஸ் பாலம் போன்ற தரைவழியையே நான் தெரிவு செய்வேன், அதுவும் வார நாள் காலையில். கட்டணம் 50 அமெரிக்க டொலர். தரைவழியில் ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவுக்குத் தனியாகவும் கட்ட வேண்டும்.

எத்தனை காலம் இருக்கப் போகிறீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். டி.என். தற்காலிக வேலைக்கானது. ஆகவே க்ரீன் கார்டுக்கான மனு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், எல்லைக்குப் போகுமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

கணவன் அல்லது மனைவியும், 21 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளும் டி.டி. தகுதிநிலையில் கூட வரலாம்; படிக்கலாம், வேலை செய்ய முடியாது. திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். துணைவர் இன்னும் கனடியக் குடியுரிமை பெறாதவராயின் அவருக்கு டி.டி. விசா தூதரகத்தில்தான் கிடைக்கும். இதை அறியாமல் முழுக் குடும்பத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலம்வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

அனுமதி கிடைத்ததும், ஐ-94 பதிவை இணையத்தில் திறந்து பெயர், தகுதிநிலை, முடிவுத் திகதி மூன்றையும் பாருங்கள். கடவுச்சீட்டு ஓராண்டில் காலாவதியாகுமானால், கடிதம் 3 ஆண்டு கேட்டிருந்தாலும், அந்த ஓராண்டுக்கே தருவது வழக்கம். ஆதலால் அதைப் புதுப்பித்துவிட்டே புறப்படுங்கள். தகுதிநிலை தவறுதலாகச் சுற்றுலாப் பயணி என்று பதிவாகியிருந்தால், அதே கட்டடத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்தச் சொல்வது பத்து நிமிட வேலை. சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் அது தெரியவந்தால் முதல் மாதச் சம்பளமே இழுபடும்.