சாயக் கழிவுநீரிலிருந்து உப்பையும் நீரையும் மீட்கும் முறை

திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை நீரையே உப்பாக்கிய நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கண்ணை உறுத்துவது நிறம்தான் என்றாலும், பயிர்நிலத்தைக் கெடுப்பது பருத்தியில் சாயம் ஏற்றுவதற்காக இடப்படும் உப்பே ஆகும். நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பால் அது குறைவதில்லை.

எனவே, உப்பு மிகுந்த சாயத்தொட்டி நீரையும் உப்புக் குறைந்த அலசல் நீரையும் பட்டறைக்குள்ளேயே தனித்தனிக் குழாய்களில் பிரியுங்கள். பின்னர் எத்தனை கோடி செலவிட்டாலும் இந்தப் பிரிப்புக்கு ஈடாகாது.

அலசல் நீரைச் சமன்படுத்தும் தொட்டியில் காற்றூட்டிக் கலக்கி, காரத்தன்மையைக் குறைத்து, நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அடுத்து மணல் வடிப்பானும் நுண்வடிப்பானும் வருகின்றன. அடுத்தது எதிர் சவ்வூடுபரவல், அதாவது நீரை அழுத்தத்தால் செலுத்தி உப்பைத் தடுக்கும் சவ்வு; அதற்குள் நுழையும் நீரில் கலங்கல் எஞ்சியிருந்தால் சவ்வு அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறும்; ஆகவே சவ்வின் இருபுற அழுத்த வேறுபாட்டை நாள்தோறும் குறித்துவைத்து, அது உயரத் தொடங்கியவுடனேயே கழுவிவிடுங்கள். சவ்வைக் கடந்த நீரை மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தலாம்.

சவ்வைக் கடக்காமல் எஞ்சும் உப்புச் செறிந்த அடர்நீரை ஆவியாக்கிப் படிகமாக்குவதே மிகுந்த எரிபொருளை விழுங்கும் கட்டம். சாயமேற்றும்போது சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால், அடர்நீரைக் குளிர்வித்தே அதைப் படிகமாகப் பிரித்து மறுபடியும் சாயத்தொட்டிக்கு அனுப்ப முடியும். பயன்படாத கலப்பு உப்பை மழை படாதவாறு கூரையின்கீழ், நீர் கசியாத தளத்தில் மட்டுமே சேமிக்க வேண்டும்.