மாம்பழ பல்ப் (கூழ்) லைனுக்கு 4 இன்ச் வேணாம், 2 இன்ச்சே போதும்னு காட்டின கணக்கு

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழ பல்ப் யூனிட்ல 40 மீட்டர் லைன் போடணும், மணிக்கு 3.5 கன மீட்டர். வந்த டிராயிங்ல 4 இன்ச் பைப். ஏன்னு கேட்டா லேப் ரிப்போர்ட்ல விஸ்காசிட்டி (கூழோட கெட்டித்தன்மை) 10,000 சிபி (சென்டிபாய்ஸ்), 2 இன்ச்ல போட்டா பிரஷர் டிராப் (வழியில இழக்குற அழுத்தம்) 25 பார் வருதுங்கறாங்க. தண்ணி மாதிரி எந்த வேகத்துலயும் விஸ்காசிட்டி மாறாதுன்னு நினைச்சு போட்ட கணக்குக்கு அது சரிதான், ஆனா பல்ப் ஓட ஓட இளகிடும், அந்த 10,000, விஸ்காமீட்டர் (விஸ்காசிட்டி அளக்குற கருவி) ரொம்ப மெதுவா சுத்தும்போது வந்த நம்பர்.

அதே பல்பை வேற வேற ஆர்பிஎம்ல சுத்த வெச்சு லாக்-லாக் கிராஃப் போட்டோம், கே (பல்ப் எவ்வளவு கெட்டிங்கற எண்) 10, என் (ஓட ஓட எவ்வளவு இளகுதுங்கற எண், 1-னா இளகாது) 0.3 வந்துச்சு. 2 இன்ச்ல வேகம் 0.5 மீ/செ, பைப் சுவர்கிட்ட ஷியர் ரேட் (பல்ப் அடுக்கடுக்கா வழுக்குற வேகம்), அதாவது 8வி/டி-யை (வி வேகம், டி பைப் விட்டம்) (3என்+1)/4என்-ஆல பெருக்கினா சுமார் 127, அங்க விஸ்காசிட்டி வெறும் 340 சிபி! பிரஷர் டிராப் 1.4 பார்தான், பெண்டு வால்வுக்கு தனியா சேர்த்துக்கணும்.

எனக்கு முக்கியமா பட்டது சிஐபி, அதாவது லைனைக் கழட்டாம உள்ளயே கழுவுறது. கழுவுற தண்ணி 1.5 மீ/செ ஓடணும், 4 இன்ச்ல அதுக்கு மணிக்கு 42 கன மீட்டர் வேணும், 2 இன்ச்ல 10.6 போதும். பெரிய பைப்ல வேகம் பத்தாம ஓரத்துல பல்ப் தங்கி புளிச்சிடும்.

2 இன்ச்சே போட்டு லோப் பம்ப் (இதழ் மாதிரி ரோட்டார் சுத்தி பல்பைத் தள்ளுற பம்ப்) வெச்சோம், நல்லா ஓடுது. ரீடிங் எடுக்கும்போது லைன்ல ஓடப்போற டெம்பரேச்சர்லயே எடுங்க, ஆறின பல்புக்கு கே ஏறிடும்.