வெளிநாட்டில் உழைத்து வந்த பெண்ணின் கதையைப் பதிவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குவைத்துக்கோ சவூதிக்கோ போய் உழைத்து வந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த கதையோ எழுத்தில் மிகக் குறைவு. அதைப் பதிய விரும்புவோர், கிரேக்கப் பெண்களின் புலம்பெயர்வை முதலில் அறிந்துகொள்வது நல்லது. எதைக் கேட்க வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவாகும்.

1952 இல் அவுஸ்திரேலியாவும் 1960 இல் மேற்கு ஜேர்மனியும் கிரேக்கத்துடன் ஆட்களைச் சேர்க்கும் உடன்படிக்கை செய்தன. ஜேர்மனிக்குப் போன பெண்கள் பலர் தொழிற்சாலைகளில் நின்றார்கள். கனடாவுக்குப் போனவர்களில் பலர் வீட்டு வேலைக்கே போனார்கள். 1957 இல் ‘பெகோன்யா’ என்ற கப்பல் ஏறத்தாழ 900 மணப்பெண்களை அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் சென்றது. மாப்பிள்ளையைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்தவர்கள் அவர்களுள் பலர். கிரேக்கச் சட்டம் சீதனத்தை 1983 இல்தான் நீக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெண்மக்கள் நிறைந்த ஏழை வீட்டிலிருந்து ஒருத்தி சீதனம் கேளாத மாப்பிள்ளையை நம்பியோ, தங்கைமாருக்கு உழைக்கவோ கப்பலேறியதன் காரணம் விளங்கும்.

மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் நம் பகுதியில் இந்த விடயம் எவருக்கும் புதிதல்ல. ஆகவே கேள்விகளை வீட்டிலிருந்தும் காசிலிருந்தும் தொடங்குங்கள். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, யாருடைய கணக்குக்கு வந்தது, அத்திவாரம் போட்டது எந்த ஆண்டு, ஓடு போட்டது எப்போது, காணி உறுதி இன்று யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பல வேளைகளில் முழுக் கதையும் அடங்கியிருக்கும். அதனால் அதைக் கணவரோ மருமகனோ பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். “அங்க கஷ்டப்பட்டீங்களா?” என்று கேட்டால் “ஓம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “விடிய எழும்பினா முதல் என்ன வேல செய்வீங்க, பெரியம்மா?” என்று கேட்டால் அந்த வீட்டின் அறைகள், மாடிப்படி, பிள்ளைகள், பூட்டிய கதவு எல்லாம் தாமாகவே வரும்.

ஆண்டுகள் நினைவில் குழம்புவது இயல்பு. 1978 சூறாவளிக்கு முன்னா பின்னா, 2004 சுனாமியின்போது எங்கே இருந்தார் என்று ஊரறிந்த நிகழ்வுகளை ஒட்டிக் கேட்டு, கடவுச்சீட்டின் முத்திரைகளோடு ஒப்பிடுங்கள். 1990 ஐத் தவறவிட வேண்டாம்: அந்த ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு, ஜூனில் மீண்டும் மூண்ட யுத்தம் ஊரிலே காத்திருந்தது. பழைய இகாமா (வளைகுடா நாடுகளின் வதிவிட அனுமதி அட்டை), காசு அனுப்பிய துண்டு, பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பிய கசெட் இருந்தால் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் பிடியுங்கள். அவுஸ்திரேலியாவில் குடியேறியோரின் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகம் பேணுகிறது. நம் பெண்களுக்கோ அலுமாரியிலுள்ள அந்தப் பொலித்தீன் பைதான் காப்பகம்.

ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். அதை மேசையில் வெறுமனே வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பகல் சாப்பாடு முடிந்த நேரம் தோதானது. தொடக்கத்திலேயே ஊரையும் திகதியையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் அவருக்கு முழுவதையும் போட்டுக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை மறுபேச்சின்றி நீக்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்த பிறகுதான் பிறருக்குக் காட்டலாம்.